கன்டென்ட் ரைட்டர் வேலையிலிருந்து கன்டென்ட் மார்க்கெட்டிங்குக்கு: கொடைக்கானல் மலையிலிருந்து ஒரு முழுமையான வழிகாட்டி

பூம்பாறையில் ஒரு வீட்டுப் பரணில் மலைப்பூண்டு கட்டுக் கட்டாகத் தொங்குகிறது. கீழே எரியும் விறகடுப்பின் புகை மேலேறி அதன் தோலைப் பழுப்பாக்கியிருக்கிறது. அந்த வீட்டு அக்கா ஒரு கட்டை இறக்கி முறத்தில் வைத்தபோது அவருடைய கைபேசி அடித்தது. திருச்சியிலிருந்து ஒரு பெண். மகளுக்குக் குழந்தை பிறந்திருக்கிறது, பத்தியச் சமையலுக்குப் பூண்டு வேண்டும். ஆனால் விலையைக் கேட்பதற்கு முன் அவர் கேட்டது வேறு: “இது நிஜமான மலைப்பூண்டுதானா? எப்படி நம்புவது?”

அக்கா சலித்துக்கொள்ளவில்லை. “ஒரு பல்லை எடுத்து நகத்தால் கிள்ளிப் பாருங்கள் அம்மா. மணம் மூக்கில் ஏறும். தோலில் புகை வாசம் இருக்கும். கால் கிலோ அனுப்புகிறேன், பிடித்திருந்தால் பிறகு ஒரு கிலோ வாங்குங்கள்” என்றார். நான் அங்கே உட்கார்ந்திருந்த ஒரு மணி நேரத்தில் நான்கு அழைப்புகள் வந்தன. மூன்றில் அதே கேள்வி.

அப்போது நான் ஆறு ஆண்டுகளாகக் கன்டென்ட் ரைட்டர். நாயுடுபுரத்தில் ஒரு வாடகை அறையில் அமர்ந்து, வீட்டுக் கடன் முதல் கூந்தல் தைலம் வரை சென்னை, பெங்களூர் ஏஜென்சிகளுக்கு எழுதிக் கொடுத்தேன். சொல்லுக்கு இத்தனை பைசா என்று கூலி. கட்டுரை போனது, பணம் வந்தது. அதை யார் படித்தார்கள், படித்துவிட்டு என்ன செய்தார்கள் என்பது ஒருபோதும் எனக்குத் தெரியவில்லை. அந்த அக்காவுக்கோ தன்னிடம் வாங்குகிறவர் எந்த இடத்தில் தயங்குகிறார், எந்தப் பதிலில் மனம் மாறுகிறார் என்பது அத்துப்படி. கன்டென்ட் மார்க்கெட்டிங் என்பது அந்த அறிவை எழுத்தோடு சேர்ப்பதுதான். எழுதத் தெரிந்தவர்களுக்கு அது கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது என்று நான் உறுதியாக நம்புகிறேன். மலையில் இருந்துகொண்டே அந்த மாற்றத்தை எப்படிச் செய்வது என்பதை, நான் நடந்து பார்த்த வழியில் சொல்கிறேன்.

இரண்டு வேலைகளுக்கும் இடையே என்ன வேறுபாடு

கன்டென்ட் மார்க்கெட்டிங் இணையத்தோடு பிறந்ததன்று. 1895இல் அமெரிக்காவின் ஜான் டீர் நிறுவனம் விவசாயிகளுக்காக ஓர் இதழ் தொடங்கியது. கலப்பை விற்கும் நிறுவனம், நல்ல விவசாயம் செய்வது எப்படி என்று எழுதியது. 1900இல் பிரான்சில் மிஷலின் டயர் நிறுவனம் கார் ஓட்டிகளுக்கு ஒரு கையேட்டை இலவசமாகக் கொடுத்தது. பயணம் கூடினால் டயர் தேயும், டயர் தேய்ந்தால் புதியது வாங்குவார்கள். படிப்பவருக்கு முதலில் பயன், விற்பவருக்குப் பிறகு பயன் என்ற வரிசை இன்றைக்கும் மாறவில்லை.

கன்டென்ட் ரைட்டருக்கு வேலை கட்டுரையை அனுப்பியதும் முடிகிறது. மார்க்கெட்டிங்கில் அங்கேதான் பாதி வேலை தொடங்குகிறது. யாருக்காக, எதை, ஏன் எழுதுவது என்று எழுதுவதற்கு முன்பே தீர்மானிக்க வேண்டும். எழுதியதை உரியவரிடம் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். அதனால் என்ன நடந்தது என்று கணக்குக் காட்ட வேண்டும்.

முதல் படி: பழைய எழுத்துகளின் கதியைத் தேடுங்கள்

புதிய படிப்பில் சேருவதற்கு முன் இதைச் செய்யுங்கள். கடந்த இரண்டு ஆண்டுகளில் எழுதியவற்றில் பத்துக் கட்டுரைகளைத் தேர்ந்தெடுங்கள். ஒவ்வொன்றையும் கூகுளில் தேடி, எத்தனையாவது இடத்தில் வருகிறது, அதற்கு மேலே வருகிறவர்கள் எதைக் கூடுதலாகச் சொல்லியிருக்கிறார்கள் என்று குறியுங்கள். பழகிய வாடிக்கையாளரிடம் தயங்காமல் கேளுங்கள்: “நான் எழுதிய பக்கங்களுக்கு மட்டும் சர்ச் கன்சோல் விவரத்தைக் காட்ட முடியுமா?” பலர் மறுப்பார்கள். ஒருவர் காட்டினாலும் போதும். ஒரு தளம் கூகுள் தேடலில் எப்படித் தோன்றுகிறது என்று அதன் உரிமையாளருக்குக் காட்டும் கருவியான கூகுள் சர்ச் கன்சோல், 16 மாத விவரங்களை வைத்திருக்கிறது. எந்தத் தேடல் சொற்களுக்கு உங்கள் பக்கம் தோன்றியது, எத்தனை பேர் சொடுக்கினார்கள் என்பதை முதன்முதலாகப் பார்க்கும்போது, இத்தனை நாள் கண்ணைக் கட்டிக்கொண்டு எழுதியது புரியும்.

எனக்குக் காட்டிய ஒரே வாடிக்கையாளரின் பக்கத்தில், நான் மூன்று நாள் உழைத்து எழுதிய முன்னுரைப் பகுதிக்கு எந்தத் தேடலிலும் பங்கில்லை. கடைசியில் அவசரமாகச் சேர்த்த ஒரு கேள்வி பதில்தான் வாசகர்களை அழைத்து வந்திருந்தது.

இரண்டாம் படி: நடந்து போகிற தூரத்தில் ஒரு தொழிலைத் தேர்ந்தெடுங்கள்

பயிற்சிக்கென்று கற்பனை நிறுவனம் ஒன்றை வைத்துக்கொள்ள வேண்டாம். உண்மையான பொருள், உண்மையான வாங்குபவர், உண்மையான பணம் வேண்டும். கொடைக்கானல் இருக்கும் பழனி மலைத்தொடரில் இதற்குப் பஞ்சமில்லை. தாண்டிக்குடிப் பக்கம் காப்பித் தோட்டக்காரர்கள், மூஞ்சிக்கல்லில் வீட்டிலேயே சாக்லேட் செய்பவர்கள், வெண்ணெய்ப்பழமும் பிளம்ஸும் விளைவிப்பவர்கள், வட்டக்கானலில் அறை வாடகைக்கு விடுபவர்கள் என்று எத்தனையோ பேர். தேர்ந்தெடுக்கும்போது மூன்றைப் பாருங்கள். உரிமையாளர் உங்களோடு பேச நேரம் தருவாரா? பொருளை வெளியூருக்கு அனுப்ப முடியுமா? ஒருமுறை வாங்கியவர் மறுபடி வாங்குவாரா?

தங்கும் விடுதிகள் கவர்ச்சியாகத் தெரியும். ஆனால் ஏப்ரல், மே சீசனில் அவர்களுக்கு உங்களோடு பேச நேரமில்லை, மழைக்காலத்தில் பணமில்லை. அதை எடுத்தால், மக்கள் தேடுவதை எழுதுங்கள். சென்னை உயர் நீதிமன்ற உத்தரவுப்படி 2024 மே 7 முதல் ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் வரும் வாகனங்களுக்கு இ-பாஸ் நடைமுறைக்கு வந்தது. அதை எடுப்பது எப்படி, சோதனைச்சாவடியில் எதைக் காட்ட வேண்டும் என்று நேர்த்தியாக விளக்கும் ஒரு பக்கம், “மேகங்கள் முத்தமிடும் மலைகளின் இளவரசி” என்று தொடங்கும் பத்துக் கட்டுரைகளைவிட விடுதிக்கு உதவும்.

நான் பூண்டைத் தேர்ந்தெடுத்தேன். கொடைக்கானல் மலைப்பூண்டுக்கு 2019இல் புவிசார் குறியீடு கிடைத்தது. ஆண்டுக்கு இரண்டு போகம். மறுபடி மறுபடி வாங்குகிற பொருள். வடுகபட்டிச் சந்தைக்கு மூட்டையாகப் போகிற சரக்கில் ஒரு பங்கையாவது நேரடியாக வீடுகளுக்கு விற்க முடிந்தால், அக்காவுக்குக் கிலோவுக்குக் கிடைப்பது கூடும். எனக்கும் கணக்குக் காட்ட ஓர் இலக்கு கிடைத்தது.

ஆறு மாதத்துக்கு என்று காலத்தை முன்கூட்டியே பேசிக்கொள்ளுங்கள். தெரிந்தவர்தானே என்று விட்டுவிடாமல், நீங்கள் என்ன செய்வீர்கள், அவர் என்ன தருவார், விவரங்களைப் பெயர் இல்லாமல் உங்கள் வேலை மாதிரியாகக் காட்ட அனுமதி உண்டா என்பதை ஒரு தாளில் எழுதி இருவரும் கையெழுத்திடுங்கள். அந்த அனுமதிதான் பின்னால் உங்களுக்கு வேலை வாங்கித் தரும்.

மூன்றாம் படி: இரண்டு வாரம் எழுதாதீர்கள், கேளுங்கள்

எழுத்தாளர்களுக்கு மிகக் கடினமான படி இது. பேனா அரிக்கும். அடக்கிக்கொள்ளுங்கள்.

நான் ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கி அக்காவின் மகனிடம் கொடுத்தேன். ஒவ்வொரு அழைப்புக்கும் நான்கு விவரங்கள்: எந்த ஊர், யாருக்காக வாங்குகிறார், என்ன கேட்டார், வாங்கினாரா. கேள்வியை அவர்கள் சொன்ன சொற்களிலேயே எழுதச் சொன்னேன். பையன் முதலில் “தரம் பற்றிக் கேட்டார்” என்று எழுதினான். அது நமக்கு உதவாது. “போன தடவை வேறொருவரிடம் வாங்கினேன், ஒரே வாரத்தில் முளைவிட்டுவிட்டது, உங்களுடையதும் அப்படியா” என்று முழுதாக எழுத வைத்தேன். அந்த ஒரு வரியில் ஒரு தலைப்பு, ஒரு பயம், ஒரு போட்டியாளரின் குறை எல்லாம் இருக்கின்றன.

இரண்டு வாரம் கழித்து நோட்டைப் பிரித்துப் பார்த்தபோது கேள்விகள் ஐந்து குவியல்களாகப் பிரிந்தன. போலியை அடையாளம் காண்பது எப்படி. எத்தனை நாள் கெடாமல் வைத்திருக்கலாம். பிள்ளை பெற்றவளுக்கு எப்படிச் சமைத்துக் கொடுப்பது. தேனில் ஊறவைப்பது எப்படி. கூரியரில் எத்தனை நாளில் வரும். மண்வளம், மலையின் உயரம், விவசாயியின் பாரம்பரியம் என்று நான் எழுத நினைத்திருந்த எதையும் ஒருவர்கூடக் கேட்கவில்லை.

வாங்காமல் போனவர்களில் சிலரை அக்காவின் அனுமதியோடு திரும்ப அழைத்துப் பேசினேன். அவர்களில் பலருக்கு விலை ஒரு தடையாக இல்லை. “பணம் முதலில் அனுப்பச் சொன்னார்கள், முகம் தெரியாதவர்களுக்கு எப்படி அனுப்புவது” என்றார்கள். இது எந்தக் கருவியிலும் கிடைக்காத தகவல்.

நான்காம் படி: கேள்வியைத் தேடலோடு பொருத்துங்கள்

நோட்டில் இருப்பது பத்துப் பதினைந்து பேரின் கேள்வி. அதையே பலரும் கேட்கிறார்களா என்று இப்போது பாருங்கள். கூகுள் தேடல் பெட்டியில் பாதிச் சொல்லைத் தட்டினால் அதுவே முடித்துக் காட்டும் வரிகள், “மக்கள் இவற்றையும் கேட்கிறார்கள்” என்ற பகுதி, கூகுள் டிரெண்ட்ஸ், யூடியூப் தேடல் ஆகிய நான்கும் இலவசம். தொடக்கத்துக்குப் போதும்.

தமிழில் ஒன்றை மறக்கக் கூடாது. நம் மக்கள் மூன்று விதமாகத் தேடுகிறார்கள். தமிழ் எழுத்தில் “மலைப்பூண்டு” என்று தட்டுபவர் உண்டு. ஆங்கில எழுத்தில் தமிழ்ச் சொல்லைத் தட்டுபவர் அதிகம் உண்டு. தட்டவே செய்யாமல் கைபேசியிடம் பேசுபவரும் உண்டு. பேசித் தேடுபவர் முழு வாக்கியமாகக் கேட்பார். ஆகவே துணைத்தலைப்பை “சேமிப்பு முறைகள்” என்று வைக்காமல் “மலைப்பூண்டை எத்தனை நாள் வைத்திருக்கலாம்?” என்று வையுங்கள்.

பிறகு ஒவ்வொரு கேள்விக்கும் கேட்பவர் எங்கே நிற்கிறார் என்று பாருங்கள். “பூண்டுக் குழம்பு எப்படி வைப்பது” என்பவர் இன்று வாங்க வரவில்லை. “நிஜ மலைப்பூண்டை அடையாளம் காண்பது எப்படி” என்பவர் கையில் பணத்தோடு தயங்கி நிற்கிறார். “கொடைக்கானல் மலைப்பூண்டு ஒரு கிலோ விலை” என்பவர் இப்போதே வாங்குவார். புதிதாக வருகிறவர்கள் பெரும்பாலும் முதல் வகையிலிருந்து தொடங்குகிறார்கள், அதில் தேடுபவர் எண்ணிக்கை அதிகம் என்பதால். நான் கடைசியிலிருந்து முன்னோக்கி வரச் சொல்வேன். விலை, அனுப்பும் முறை, நம்பிக்கை ஆகிய மூன்று பக்கங்கள் முதலில். சமையல் குறிப்பு பிறகு.

ஐந்தாம் படி: எழுதும்போது கைக்கொள்ள வேண்டியவை

எழுதுவது உங்களுக்குத் தெரியும், அதனால் விரிவாகச் சொல்லவில்லை. முதல் இரண்டு வரியில் பதில் இருக்கட்டும். படங்களை இணையத்திலிருந்து எடுக்காமல் அந்தப் பரணிலேயே எடுங்கள். பக்கத்தின் முடிவில் ஒரே ஒரு செயலைக் கேளுங்கள்.

ஆனால் உண்மை பற்றி அழுத்திச் சொல்ல வேண்டும். முன்பு ஒரு வாடிக்கையாளர், தைலம் ஒரு நோயைக் குணமாக்கும் என்று எழுதச் சொன்னார், நானும் எழுதிக் கொடுத்தேன். அதை நினைத்தால் இன்றும் மனம் உறுத்துகிறது. வாடிக்கையாளர் தந்த பிரீஃபில், அதாவது எழுத வேண்டியதைச் சொல்லும் குறிப்பில், இருந்ததால் அது என் பொறுப்பில்லை என்று அன்று நினைத்தேன். மார்க்கெட்டிங்குக்கு வந்த பிறகு அந்தச் சாக்கு கிடையாது. எதைச் சொல்வது என்று தீர்மானிப்பதே நீங்கள். குறிப்பிட்ட நோய்களைக் குணப்படுத்துவதாக விளம்பரம் செய்வதை 1954ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று தடை செய்கிறது. உணவுப் பொருள் விளம்பரங்களுக்கு உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 2018ஆம் ஆண்டு விதிமுறைகள் இருக்கின்றன. “பூண்டு சர்க்கரையைக் குணமாக்கும்” என்று எழுதினால் சொடுக்குகள் வரும். எழுதாதீர்கள். பாட்டி காலத்திலிருந்து பிள்ளை பெற்றவளுக்குச் சமைத்துக் கொடுக்கிறார்கள் என்பது உண்மை, அதைச் சொல்லுங்கள்.

புவிசார் குறியீடும் அப்படியே. அதைத் தன் பொருளுக்குப் பயன்படுத்துவதற்கு, அங்கீகரிக்கப்பட்ட பயனராகப் பதிவு செய்திருக்க வேண்டும். உங்கள் விவசாயி பதிவு செய்திருக்கிறாரா என்று கேளுங்கள். இல்லையென்றால் பதிவுக்கு உதவுங்கள், அதுவரை முத்திரையைப் போடாதீர்கள்.

ஆறாம் படி: கொண்டுபோய்ச் சேர்த்துவிடுங்கள்

எழுதி வெளியிட்டதும் அடுத்ததை எழுத உட்காருவது நம் பழக்கம். அந்தப் பழக்கத்தை முறிக்க ஒரு விதி வைத்துக்கொண்டேன்: எழுத எத்தனை மணி நேரமோ, சேர்ப்பதற்கும் அத்தனை மணி நேரம்.

சிறு தொழிலுக்கு முதல் இடம் வாட்ஸ்அப் பிசினஸ். பொருள் பட்டியலை விலையோடு ஏற்றுங்கள். அடிக்கடி வரும் ஐந்து கேள்விக்கும் ஆயத்தப் பதில்களைச் சேமித்து, ஒவ்வொன்றின் முடிவிலும் உரிய பக்கத்தின் இணைப்பை வையுங்கள். ஒரே செய்தியைப் பலருக்குத் தனித்தனியாக அனுப்ப உதவும் ஒலிபரப்புப் பட்டியல் ஒன்றில் 256 பேர் வரை சேர்க்கலாம், ஆனால் உங்கள் எண்ணைத் தம் கைபேசியில் சேமித்து வைத்திருப்பவருக்குத்தான் செய்தி போகும். ஆகவே ஒவ்வொரு பொட்டலத்திலும் ஒரு சீட்டு வைத்தோம்: “இந்த எண்ணைச் சேமித்து வைத்தால் அடுத்த அறுவடையை முதலில் உங்களுக்குச் சொல்வோம்.” யாரையும் கேட்காமல் பட்டியலில் சேர்க்க வேண்டாம். மாதத்துக்கு இரண்டு செய்திக்கு மேல் அனுப்பினால் பெறுபவர்கள் எரிச்சலில் உங்கள் எண்ணையே முடக்கிவிடுவார்கள்.

கூகுள் வரைபடத்தில் கடைக்குரிய பக்கத்தைத் திறந்து, வாங்கியவர்களிடம் கருத்து எழுதக் கேளுங்கள். முகம் தெரியாதவருக்குப் பணம் அனுப்பத் தயங்கியவர்களுக்கு அதுதான் சரியான பதில். யூடியூபில் ஒரு நிமிடக் காணொளி போதும். அக்கா பரணிலிருந்து கட்டை இறக்குவதை வெட்டாமல், இசை சேர்க்காமல் எடுத்தது, நான் மெனக்கெட்டுத் தயாரித்த காணொளியைவிட அதிகம் உதவியது.

நாள்காட்டி மலையின் நாள்காட்டியாக இருக்கட்டும். அறுவடைக்கு ஆறு வாரம் முன்பே பக்கங்கள் தயாராக இருக்க வேண்டும், கூகுள் அவற்றைக் கண்டுபிடித்து வரிசைப்படுத்தக் காலம் எடுக்கும். கடும் மழையில் மலைப்பாதையில் மண் சரிந்தால் பார்சல் வத்தலக்குண்டுக்கு இறங்காது, அந்த வாரம் விற்பனைச் செய்தி அனுப்பாதீர்கள். இன்னொரு வகைப் பயிரும் உண்டு. குறிஞ்சி 2018இல் பூத்தது, அடுத்து 2030. அதைப் பற்றிய ஒரு நல்ல பக்கத்தை ஒரு விடுதிக்காக இன்றே எழுதி ஆண்டுதோறும் சரிபார்த்து வைப்பவர், அந்த ஆண்டு வரும்போது முன்வரிசையில் நிற்பார்.

ஏழாம் படி: கணக்குப் பாருங்கள்

எண் என்றால் பயப்படும் எழுத்தாளர்களுக்காக ஓர் உதாரணக் கணக்கு. ஒரு பக்கம் தேடல் பட்டியலில் 1,000 முறை தோன்றியது. 30 பேர் சொடுக்கினார்கள், 3 சதவீதம். அவர்களில் 6 பேர் வாட்ஸ்அப் பொத்தானை அழுத்தினார்கள். 2 பேர் வாங்கினார்கள்.

இந்த நான்கு எண்களும் நான்கு வெவ்வேறு நோய்களைக் காட்டும். 1,000 என்பது 50ஆக இருந்தால் தலைப்புப் பொருளை யாரும் தேடவில்லை, அல்லது கூகுள் பக்கத்தை இன்னும் சேர்க்கவில்லை. 30 என்பது 3ஆக இருந்தால் தலைப்பு வரி சரியில்லை. 6 என்பது 1ஆக இருந்தால் பக்கம் பதில் சொல்லவில்லை, அல்லது விலையை ஒளித்து வைத்திருக்கிறது. 2 என்பது 0 ஆனால் பெரும்பாலும் எழுத்தில் குறை இல்லை. கூரியர் செலவு அதிகம், அல்லது வாட்ஸ்அப்பில் பதில் சொல்ல ஒரு நாள் ஆகிறது. எங்களுக்கு அதுதான் நடந்தது. மழை நாட்களில் பூம்பாறையில் சிக்னல் போய்விடும், பதில் மறுநாள்தான் போகும். நான் கொடைக்கானலில் இருந்து பதில் சொல்லத் தொடங்கியதும் விற்பனை நகர்ந்தது. ஒரு சொல்லைக்கூட மாற்றவில்லை.

முதல் இரண்டு எண்களைச் சர்ச் கன்சோல் தரும். மூன்றாவதை, தளத்துக்கு வந்தவர்கள் என்ன செய்தார்கள் என்று காட்டும் கூகுள் அனலிட்டிக்ஸ் 4 தரும். வாட்ஸ்அப், யூடியூப் என்று எந்த வழியில் வந்தார்கள் என்று அறிய, இணைப்பின் முடிவில் ஒட்டும் அடையாளச் சொற்களான யுடிஎம் குறியீட்டைச் சேர்த்துவிடுங்கள். நான்காவதை அக்காவின் நோட்டு தரும், ஒவ்வொருவரிடமும் “எங்களைப் பற்றி எங்கே பார்த்தீர்கள்?” என்று கேட்டுக் குறித்தால். அனலிட்டிக்ஸ் பயிற்சிக் காணொளி பார்க்கும்போது தேதியைக் கவனியுங்கள். பழைய யுனிவர்சல் அனலிட்டிக்ஸ் 2023 ஜூலை 1 முதல் நிறுத்தப்பட்டது. அதற்கு முந்தைய பாடங்கள் குழப்பும். கூகுள் ஸ்கில்ஷாப், ஹப்ஸ்பாட் அகாடமி இரண்டிலும் இலவசப் பாடங்கள் இருக்கின்றன. சான்றிதழுக்காக அல்ல, சொற்கள் பழக்கமாவதற்காகப் படியுங்கள்.

செயற்கை நுண்ணறிவு பற்றி

2022 நவம்பரில் சாட்ஜிபிடி வந்த பிறகு சொல்லுக்குப் பைசா என்ற கூலி நிலைக்காது என்று பலரைப் போல நானும் கலங்கினேன். அதே ஆண்டு டிசம்பரில் கூகுள் தன் தர மதிப்பீட்டு வழிகாட்டியில் எழுதியவரின் “நேரடி அனுபவம்” என்பதையும் ஓர் அளவுகோலாகச் சேர்த்தது. இயந்திரத்திடம் தலைப்புகளைக் குவியலாகப் பிரிக்கச் சொல்லுங்கள், வரைவைச் சுருக்கச் சொல்லுங்கள். ஆனால் அந்த நோட்டில் இருக்கும் “ஒரே வாரத்தில் முளைவிட்டுவிட்டது” என்ற வரி அதனிடம் இல்லை. அது நீங்கள் போய் உட்கார்ந்து கேட்டால்தான் கிடைக்கும்.

எட்டாம் படி: வேலை தேடுவதும் கூலி பேசுவதும்

ஆறு மாதம் முடிந்ததும் ஒரு வேலை மாதிரியை இரண்டு பக்கத்தில் எழுதுங்கள். தொடங்கும்போது நிலைமை என்ன, வாங்குபவர்களிடம் என்ன கேட்டறிந்தீர்கள், எதைச் செய்யாமல் விட்டீர்கள், ஏன், எண்கள் எப்படி மாறின, எது தோற்றது. கடைசியை மறைக்காதீர்கள். நேர்காணலில் என்னிடம் அதிகம் கேட்கப்பட்டதே தோற்ற காணொளியைப் பற்றித்தான்.

வேலைக்கு விண்ணப்பிக்கும்போது கன்டென்ட் மார்க்கெட்டர், கன்டென்ட் ஸ்ட்ராட்டஜிஸ்ட், எஸ்இஓ (தேடலில் பக்கத்தை முன்னே கொண்டுவரும் வேலை) கன்டென்ட் ஸ்பெஷலிஸ்ட் என்று பல பெயர்களில் அறிவிப்பு வரும். பெயரைவிட்டு வேலை விவரத்தைப் படியுங்கள். “மாதம் முப்பது கட்டுரைகள்” என்று இருந்தால் அது பழைய வேலைதான். தனியாகத் தொழில் செய்வதென்றால் சொல்லுக்குக் கூலி பேசாதீர்கள். ஆய்வு, திட்டம், எழுத்து, சேர்ப்பு, மாதாந்திர அறிக்கை என்று வேலையைப் பிரித்து மாதக் கட்டணமாகப் பேசுங்கள், குறைந்தது மூன்று மாதத்துக்கு. விற்பனையில் பங்கு கேட்பதை முதல் ஆண்டில் நான் பரிந்துரைக்க மாட்டேன். விலையும் பார்சலும் உங்கள் கையில் இல்லை.

மலையிலிருந்து வேலை செய்வதாக முதல் சந்திப்பிலேயே சொல்லிவிடுங்கள். இரண்டு வெவ்வேறு நிறுவனங்களின் சிம், மின்சாரம் போனால் மூன்று மணி நேரம் தாங்கும் இன்வெர்ட்டர், கூட்டத்துக்கு முந்தைய இரவே அனுப்பிவிடும் அறிக்கை ஆகிய மூன்றும் இருந்தால் யாரும் ஊரைப் பற்றிக் கவலைப்படுவதில்லை.

பழைய வாடிக்கையாளர்களை ஒரே நாளில் விட்டுவிடாதீர்கள். வாடகை கொடுக்க வேண்டும். ஐந்தில் இருவரை விட்டு, மீதி மூவரில் நல்லவராகத் தோன்றும் ஒருவருக்கு இப்படி எழுதுங்கள்: “உங்களுக்கு நான் எழுதிய பக்கங்களில் பத்தைப் பார்த்தேன். நான்கு பக்கங்கள் தேடலில் தோன்றினாலும் யாரும் சொடுக்கவில்லை. அவற்றின் தலைப்புகளை மாற்றி, ஒரு மாதம் கழித்து எண்களைக் காட்டுகிறேன். பயன் இருந்தால் மாதக் கட்டணம் பற்றிப் பேசலாம்.” எனக்கு முதல் மாதக் கட்டணம் கொடுத்தவர், ஆறு ஆண்டுகளாகச் சொல்லுக்குப் பைசா கொடுத்துவந்த அதே வாடிக்கையாளர்தான்.